1948-க்கு முன்பே வந்த வரம்பு

பெண்கள், குழந்தைகளின் வேலைநேரத்துக்கு இந்தியாவில் முதன்முதலில் வரம்பு விதித்தது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம்தான் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இந்தச் சிறு திருத்தம்.

முதல் சட்டம் 1881-லேயே வந்துவிட்டது. 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்க அது தடை விதித்தது; 7 முதல் 12 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்கு 9 மணி நேரம். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம் என்பதைப் 'பாதுகாப்பு' என்று எழுதவே கை கூசுகிறது. அதுவும் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்த ஆலைகளுக்கு மட்டும்தான். பெண்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு 11 மணி நேர வரம்பு 1891 திருத்தத்தில் வந்தது. குழந்தைகளின் குறைந்தபட்ச வயதும் 9 ஆனது.

1948 சட்டம் இந்த வயதை 14 ஆக உயர்த்தியது உண்மை. ஆனால் அது தொடக்கம் அல்ல. சரிபார்க்க விரும்புவோர் அந்தச் சட்டத்தின் 120-ஆம் பிரிவை, 1948-இல் இயற்றப்பட்ட வடிவில் படிக்கலாம்: ரத்தாகும் சட்டங்களின் பட்டியலில் 1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இருக்கிறது. அதற்கு முந்தையது 1911 சட்டம். அப்படியே பின்னோக்கிப் போனால் 1881-இல் போய் நிற்பீர்கள்.