கிடைக்காததை மிச்சம் என்று எழுதாதீர்கள்

மூன்று நாட்களாக முகநூலைத் திறந்தாலே அந்தக் காணொளிதான் முன்னால் வந்து நிற்கிறது. எது என்று விளக்க வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் எனக்கே அனுப்பி, "உங்க ஊர்தானே?" என்று கேட்டுவிட்டீர்கள். ஆம், எங்கள் ஊர்தான். இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூரிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் கிராமத்துக்கு ஒரு நாள் காலையில் வந்து, பத்து ரூபாய்க்குத் தேநீர் குடித்து, ஆயிரத்து ஐநூறு ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் ஓட்டு வீட்டையும் ரேஷன் கடையின் இலவச அரிசியையும் காட்டி, "எட்டாயிரம் ரூபாய் இருந்தால் ஒரு குடும்பம் இங்கே நிம்மதியாக வாழலாம், சென்னையில் ஏன் கிடந்து அவதிப்படுகிறீர்கள்?" என்று கேட்ட அந்த நண்பர், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதன் கீழே நான் எழுதியது இரண்டே வரிகள். "இந்தக் கணக்கில் தண்ணீரும் பயணமும் மருத்துவமும் இல்லை. கிடைக்காத ஒன்றுக்குச் செலவழிக்காமல் இருப்பதை மிச்சம் என்று சொல்லக்கூடாது." அதற்கு ஒருவர், "எட்டாயிரத்தில் வாழத் தெரியாதவனுக்கு எண்பதாயிரமும் போதாது" என்று பதில் எழுதினார். அந்தப் பதிலுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். அவர்களில் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கணக்கு எழுதுவது என் தொழில். பதினோரு ஆண்டுகள் சென்னையில் எழுதினேன். 2019இல் ஊர் திரும்பி இப்போது முதுகுளத்தூரில் எழுதுகிறேன். இரண்டு இடங்களின் வீட்டுச் செலவு நோட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். காணொளியில் காட்டிய அதே ஊரில், அதற்கு மூன்று தெரு தள்ளி வாழும் குடும்பத்தின் கணக்கு இது.

முதலில் தண்ணீர். எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. ஆழ்துளைக் கிணறு போட்டாலும் பாத்திரம் கழுவத்தான் உதவும். அதில் பருப்பு வேகாது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஊருணி சில மாதம் தாங்கும். 2009இல் பயன்பாட்டுக்கு வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களுக்கு உயிர் கொடுத்தது, அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது, தண்ணீர் மேடேறி வருவதில்லை. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் வண்டியில் வருகிற தண்ணீரைத்தான் வாங்குகிறோம். குடம் பத்து ரூபாய், ஒரு நாளைக்கு ஆறு குடம், மாதம் 1,800 ரூபாய். சென்னை வில்லிவாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தபோது குழாயில் வந்த தண்ணீருக்காக வாடகையோடு சேர்த்து நூறோ இருநூறோ கொடுத்தேன். காணொளியில் தேநீரின் விலை இருக்கிறது; அந்தத் தேநீர் கொதித்த தண்ணீரின் விலை இல்லை.

அடுத்தது பெட்ரோல். கடைசிப் பேருந்து மாலையிலேயே போய்விடுகிற ஊரில் இருசக்கர வண்டி இல்லாமல் யாரும் வேலைக்குப் போய்வர முடியாது. 2,400 ரூபாய். பெண்களுக்குப் பேருந்து கட்டணமில்லையே என்று கேட்பீர்கள். 2021 மே மாதம் முதல் இல்லைதான், என் மனைவியும் அம்மாவும் அதில்தான் போகிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று முறை வருகிற பேருந்து, அந்த மூன்று முறைக்குள் முடிகிற காரியங்களுக்கு மட்டுமே உதவும். மகள் கேட்ட பாடப்பிரிவு பக்கத்தில் இல்லாததால் பரமக்குடிக்குப் போய்ப் படிக்கிறாள். பள்ளி வேனுக்கு மாதம் 1,700 ரூபாய். சென்னையில் இருந்திருந்தால் நடந்தே போயிருப்பாள்.

பிறகு மொய். நகரத்தில் இருப்பவர்கள் இதைச் செலவாகவே எண்ணுவதில்லை. ஆவணியும் தையும் வந்தால் எங்கள் ஊரில் பத்திரிகை வைக்காத வீடு இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று சென்ற ஆண்டு மட்டும் முப்பத்தெட்டு இடங்களில் மொய் எழுதினேன். ஊர்த் திருவிழாவுக்காக ஒவ்வொரு குடும்பத்திடமும் வசூலிக்கும் தலைக்கட்டு வரியையும் சேர்த்தால் 24,000 ரூபாய், மாதத்துக்கு 2,000. மொய் திரும்பி வரும் பணம்தானே என்று சிலர் சொல்வார்கள். வரும், என் மகளின் கல்யாணத்தில் வரும். அதற்கு இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் இருக்கின்றன, இந்த மாதம் மளிகைக் கடைக்கு அதைக் காட்ட முடியாது. போகாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் நாளை என் வீட்டில் ஒரு துக்கம் என்றால் முதலில் வந்து பந்தல் கால் நடப்போகிறவர்கள் அவர்கள்தான். மொய்யைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கிராமத்தில் மனிதர்களோடு மனிதராக வாழ்வதற்கும் ஒரு செலவு உண்டு, அதைக் கணக்கில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக அப்பா. 2019இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது; அதனால்தான் நான் திரும்பி வந்தேன். மதுரையில் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம், சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, கையெடுத்துக் கும்பிடத்தக்க மருத்துவர்கள் பார்த்தார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இவ்வளவும் இலவசம் என்றால் செலவு எங்கே என்று கேட்பீர்கள். மதுரை எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் கைகால் வராத மனிதரை இரண்டு பேருந்து மாற்றிக் கூட்டிப்போக முடியாது. சென்ற ஆண்டு எட்டு முறை மதுரைக்குப் போய்வந்தோம். கார் வாடகை, சுங்கம், சாப்பாடு சேர்த்து ஒவ்வொரு முறையும் 3,900 ரூபாய், ஆக 31,200. அதே ஆண்டில் வெளியே வாங்கிய மருந்துகளுக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். நோய்க்கு ஒன்பதாயிரம், தூரத்துக்கு முப்பத்தோராயிரம். என் நோட்டில் இந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வயிறு எரிகிறது.

தண்ணீர் 1,800, பெட்ரோல் 2,400, பள்ளி வேன் 1,700, மொய்யும் வரியும் 2,000, மதுரைப் பயணம் மாதத்துக்கு 2,600. கூட்டிப் பாருங்கள், 10,500 ரூபாய். இன்னும் அடுப்பில் உலை வைக்கவில்லை.

சொந்த வீடு இருக்கிறதே, வாடகை இல்லையே என்பது முதல் மறுப்பாக வரும். வாடகை குறைவு என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். சென்னைக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அது ஒன்றுதான். ரேஷன் அரிசியையும் ஒப்புக்கொள்கிறேன். அது இல்லையென்றால் எங்கள் ஊரில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு இருந்திருக்காது. ஆனால் காய்கறி எங்கள் தோட்டத்தில் விளைவதாக நினைக்கிறீர்கள். எங்கள் மண்ணில் மழையை நம்பி நெல்லும், முண்டு மிளகாயும் விளைகின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. தக்காளியும் கத்தரிக்காயும் மதுரையில் வாங்கி, பரமக்குடியில் கைமாறி, முதுகுளத்தூரில் கைமாறி எங்கள் பெட்டிக்கடைக்கு வருகின்றன. ஒவ்வொரு கைக்கும் ஒரு விலை ஏறுகிறது. தக்காளி விலை ஏறும் மாதங்களில் நாங்கள் சென்னைக்காரரைவிட அதிக விலை கொடுக்கிறோம் அல்லது தக்காளி இல்லாமல் புளியை மட்டும் கரைத்துக் குழம்பு வைக்கிறோம். புளிக்குழம்பு வைத்த அந்த மாதத்தை நீங்கள் மிச்சம் என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

சுத்தமான காற்று, அமைதி என்று எழுதியவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடும் நாட்களில் வந்து பாருங்கள்.

புள்ளிவிவரத்தோடு வருபவர்களுக்குப் பொறுமையாகவே சொல்கிறேன். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்தியாவில் ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய். இதைக் காட்டி, பார்த்தீர்களா, கிராமத்தில் செலவு குறைவு என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அது மக்கள் செலவழித்த தொகை. அவர்களுக்குத் தேவைப்பட்ட தொகை அல்ல. கையில் இல்லாதவர் செலவழிக்க மாட்டார். கடையில் இல்லாததை யாரும் வாங்க மாட்டார். மருத்துவரே இல்லாத ஊரில் மருத்துவருக்குப் பணம் கொடுக்க மாட்டார். அதே ஆய்வில் கிராமத்தார் செலவில் 47 விழுக்காடு உணவுக்கே போகிறது, நகரத்தில் ஏறத்தாழ 40 என்பதையும் படித்திருக்கலாம். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்து முழுக் கூலியும் வந்தால்கூட ஆண்டுக்கு 33,600, மாதத்துக்கு 2,800. என் அப்பாவை எட்டு முறை மதுரைக்குக் கூட்டிப்போன செலவை அதிலிருந்து கழித்தால் மீதி இரண்டாயிரத்து நானூறு ரூபாய், மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு.

இந்த எண்ணம் காணொளி எடுத்தவரோடு பிறந்ததும் அல்ல. வறுமையை அளக்கத் திட்டக் குழு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12க்குக் கணக்கிட்ட வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் நகரத்தில் 1,000 ரூபாய், கிராமத்தில் 816 ரூபாய். கிராமத்தில் எல்லாம் மலிவு, எனவே கிராமத்தானுக்குக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம்தான் அது. என் முதலாளியும் இதைத்தான் சொல்கிறார். சென்னையில் வாங்கிய சம்பளத்தில் பாதிகூட இப்போது எனக்கு இல்லை. "ஊர்ல இருக்கீக, என்ன செலவு?" என்கிறார். ஊரில் செலவில்லை என்று பரப்பும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, எங்கள் கூலியைக் குறைத்துப் பேசுகிறவருக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

அப்படியானால் ஏன் திரும்பி வந்தீர்கள், அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்கத்தான் போகிறீர்கள். அப்பா கீழே விழுந்தபோது நான் ஒருவன்தான் பிள்ளை. இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

சொந்த மாவட்டத்தையே கேவலப்படுத்துகிறாய் என்று எழுதிய பள்ளித் தோழனுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சித்திரங்குடி கண்மாய்க்கு நாரைகள் வரும்போது மகளை வண்டியில் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டுகிறவன் நான். எங்கள் மாவட்டத்தைக் கேவலப்படுத்தியது நான் அல்ல. தவறு செய்த ஊழியரை மிரட்டுவதற்கு "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று தமிழ்நாடே இத்தனை காலம் சொல்லிவந்தது எந்த ஊரை? சம்பளம் வாங்கும் அதிகாரிக்குத் தண்டனையாக இருந்த ஊர், சம்பளமே இல்லாதவனுக்கு எப்படிச் சொர்க்கமாகும்? 2018இல் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற பெயரில் மத்திய அரசு நாடு முழுவதும் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. இங்கே குறை இருக்கிறது என்று அரசே எழுதி வைத்திருக்கும்போது, அந்தக் குறையை அழகு என்று நீங்கள் படம் பிடிக்கிறீர்கள்.

உண்மையில் என்னை உறங்கவிடாமல் செய்தது எட்டாயிரம் என்ற எண்ணும் அல்ல. அந்தக் காணொளியில் நான்காவது நிமிடத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் தண்ணீர் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். பின்னால் இசை ஒலிக்கிறது. "உடற்பயிற்சிக் கூடமே தேவையில்லை, அதனால்தான் இவர்களுக்கு நோயே வருவதில்லை" என்று அந்த நண்பர் சொல்கிறார். அந்தப் பெண் என் சித்தி. வயது ஐம்பத்தெட்டு. குடத்துக்குப் பத்து ரூபாய் கொடுக்க முடியாததால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குழாய் வால்வில் கசியும் தண்ணீரை மணிக்கணக்கில் காத்திருந்து பிடித்து, நூறு கிலோவுக்கு மேலான அந்த வண்டியை ஒரு நாள்விட்டு ஒரு நாள் தள்ளி வருகிறார். அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இடுப்பில் பட்டை கட்டியிருப்பது சேலையாக இருந்தால் மறைந்திருக்கும், நைட்டியில் நன்றாகவே தெரிகிறது. பார்த்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. உங்கள் எட்டாயிரம் ரூபாய்க் கணக்கில் தண்ணீருக்குச் செலவே இல்லாமல் போனதற்குக் காரணம், அந்தச் செலவை என் சித்தி தன் முழங்காலால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நேற்று இரவு பேரனின் கைப்பேசியில் அவரும் பார்த்துவிட்டார். எட்டாயிரத்தைப் பற்றியோ உடற்பயிற்சியைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. "என்னய இப்படி நைட்டியோட எடுத்துப் போட்டிருக்காகளே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா சேலைய மாத்திட்டு வந்திருப்பேன்ல" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்க்கவில்லை.

நண்பரே, உங்கள் எட்டாயிரம் ரூபாய்க் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது நிமிடத்தில் தொடங்கும் அந்த நாற்பது நொடிகளை மட்டும் இன்றே நீக்குங்கள். சித்தியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.