காசியைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

நம் வீடுகளில் காசி என்றாலே எல்லாக் கடமையும் முடிந்த பிறகு போகிற ஊர். பையனுக்கு வேலை கிடைக்கட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், பேரப்பிள்ளை பிறக்கட்டும், ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வரட்டும். அப்புறம் காசி. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த நீளப் பதிவு.

போய் வந்தவர்களுக்குத் தெரியும், காசி படிக்கட்டுகளின் ஊர். காட் என்றால் அங்கே படித்துறை. அஸ்ஸி காட் தொடங்கி ராஜ் காட் வரை கங்கை வளைந்து வடக்கு நோக்கிப் போகிறது. அந்த வளைவின் மேற்குக் கரை முழுக்க 80க்கும் மேற்பட்ட படித்துறைகள். எதிர்க்கரை வெறும் மணல். அதனால்தான் சூரியன் எழும்போது எதுவும் மறைக்காமல் நேராகப் படிகள் மேல் வெயில் விழுகிறது. ஆனால் அந்தப் படிகள் செங்குத்து. ஒவ்வொரு படியும் நம் ஊர்க் கோயில் குளத்துப் படியைவிட உயரம். குளிர்காலத்தில் தண்ணீர் இறங்கிவிடும். இறங்க வேண்டிய படிகள் இன்னும் கூடும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் கீழ்ப்படிகளில் வண்டல் சேறு வழுக்கும்.

எங்கள் பெரியம்மா கல்யாணமான நாளிலிருந்து காசி காசி என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஒருவழியாகக் கூட்டிப் போனபோது இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. கேதார் காட்டின் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். "யாரையாவது தூக்கிட்டு இறங்கச் சொல்லவா பெரியம்மா?" என்று கேட்டேன். "வேண்டாம்பா. நீ முங்கிட்டு வா. எனக்கு ஒரு சொம்பு மொண்டுட்டு வா, போதும்." அந்தச் சொம்புத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு நிறைவாகத்தான் இருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்போது யாராவது அழைத்துப் போயிருந்தால் கழுத்தளவு கங்கையில் நின்றிருப்பார்.

காசியைக் கிழவர்களின் ஊராக நாம் எப்போது ஆக்கினோம்? கல்யாண வீட்டில் காசியாத்திரை என்று குடையும் தடியுமாகக் கிளம்புகிறவன் கிழவனா? மாப்பிள்ளைப் பையன்! நம் ஆட்களில் காசியால் பெரிதாக மாறியவர்களை எடுத்துப் பாருங்கள். பாரதி 1898இல் அப்பாவை இழந்த பிறகு அத்தை வீட்டுக்குப் போனார். பதினாறு வயது நிரம்பாத பையன். அனுமன் காட் பக்கத்தில் அந்த வீடு. அங்கே இருந்து சமஸ்கிருதமும் இந்தியும் படித்தார். சில வருஷம் கழித்து மீசையும் தலைப்பாகையுமாக எட்டயபுரம் திரும்பினார். அந்த வீட்டில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 2022இல் நினைவிடமாக்கியிருக்கிறது. காசிக்குப் போகிற தமிழர்களில் பாதிப் பேர் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம். முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் தன் குரு சிதம்பரநாத யோகியோடு போய்ச் சில வருஷங்கள் தங்கிய ஊரும் இதுதான். அவருடைய வீணை கங்கையில் கிடைத்தது என்று சொல்வார்கள். அதற்கும் முன்னால், 17ஆம் நூற்றாண்டில், குமரகுருபரர் வந்து கேதார் காட்டில் மடம் கண்டார். கலைமகளைப் பாடி இந்துஸ்தானி பேசும் திறம் பெற்றார் என்பது அவரைப் பற்றிய கதை. இவர்கள் யாரும் வாழ்க்கையை முடித்துக்கொள்ள அங்கே போகவில்லை.

பிணம் எரிக்கும் படித்துறையான மணிகர்ணிகையைக்கூட இளமையில்தான் பார்க்க வேண்டும் என்பேன். பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பலரும் தயங்குகிறார்கள். குழந்தைகளை வேண்டாம் என்றால் சரி. வளர்ந்த பிள்ளைகள் பார்க்கட்டும். விறகு மலைபோல் அடுக்கியிருக்கும். "ராம் நாம் சத்ய ஹை" என்று சொல்லிக்கொண்டே சந்துக்குள்ளிருந்து பாடையைத் தூக்கி வருவார்கள். சிதைக்கு நெருப்பு டோம் சமூகத்தார் காத்துவரும் அணையா நெருப்பிலிருந்துதான் வர வேண்டும். ராஜாவானாலும் அவர்கள் கையை எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டும். பக்கத்திலேயே ஆடு சாமந்தி மாலையைத் தின்னும், டீ விற்பார்கள், பையன்கள் பட்டம் விடுவார்கள். யாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. மரணத்தை ஒளித்துவைக்காத ஊர் அது. எழுபது வயதில் அதைப் பார்ப்பவருக்கு அது கலக்கமாக இருக்கலாம். இருபத்தைந்தில் பார்ப்பவர் அதன் பிறகு வாழ வேண்டிய வருஷங்களை வேறு விதமாக எண்ணிப் பார்ப்பார். தயவுசெய்து அங்கே போனை எடுக்காதீர்கள். எரிவது யாரோ ஒருவருடைய அம்மா.

இன்னொரு வேண்டுகோள், அவசர பேக்கேஜில் போகாதீர்கள். சாயங்காலம் தசாஸ்வமேத் காட் ஆரத்தி, விடியற்காலை விஸ்வநாதர், மத்தியானம் கயாவுக்கு பஸ். இதில் காசி எங்கே வருகிறது? விஸ்வநாதர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய கோயில் 1780இல் மராட்டிய ராணி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. கோபுரத்துப் பொன் பின்னால் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் கொடுத்தது. 2021இல் திறந்த புது வளாகத்தால் ஆற்றிலிருந்து நேராகக் கோயிலுக்கு ஏறிவிடலாம். வரிசைக்கு அது வசதிதான். ஆனால் ஊர் மிச்சமுள்ள சந்துகளில் இருக்கிறது. நம் நகரத்தார் சத்திரத்திலிருந்து தினமும் "சம்போ" சொல்லிக்கொண்டு பூஜைப் பொருள் எடுத்துப் போகிறார்கள், தலைமுறை தலைமுறையாக. அதைப் பார்க்கச் சந்தில் காத்து நிற்கத்தான் வேண்டும். பஞ்சகங்கா காட் பக்கம் பாலாஜி கோயிலில்தான் பிஸ்மில்லா கான் ஷெனாய் சாதகம் செய்தார். நெசவாளர்கள் இருக்கும் மதன்புராவில் இன்னும் தறிச் சத்தம் கேட்கிறது. இதையெல்லாம் பார்க்கக் கால் வேண்டும், நேரம் வேண்டும்.

பெற்றோருக்கு ஏற்கெனவே முட்டிவலி என்றால் அதற்காகப் பயணத்தை விட்டுவிடாதீர்கள். வண்டி எல்லாம் கோதௌலியா நாற்சந்தியோடு நின்றுவிடும், அதற்குமேல் நடைதான். அதனால் படித்துறைக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. படகில் ஏற்றும்போது இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கட்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வேண்டாம். வெள்ளத்தில் படிகளே மூழ்கிவிடும். மே மாத வெயிலும் பெரியவர்களுக்கு ஆகாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். நவம்பரும் பிப்ரவரியும்தான் நல்லது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. செப்டம்பரிலேயே அம்மாவிடம் தேதி கேட்டுவிடுங்கள்.