சத்தியமூர்த்தி மேயராக இருந்து என்ன கிழித்தார்?

முந்தாநாள் டிவி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ‘சத்தியமூர்த்தி மேயரா இருந்து என்ன கிழிச்சார்? வெறும் பேச்சுதானே!’ என்றார் அந்தப் பெரிய மனிதர், சுதந்திரப் போராட்டக் காலத்துக் காங்கிரஸ் தலைவரும் சென்னை மேயருமான சத்தியமூர்த்தியைப் பற்றி. நெறியாளர் சிரித்தார். சரி, அது அவர் பிழைப்பு. எதிரே உட்கார்ந்திருந்த கதர்ச்சட்டைக்காரரும் சேர்ந்து சிரித்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் தினமும் போய் உட்காருகிற காங்கிரஸ் ஆபீஸ் கட்டடத்துக்குப் பெயரே சத்தியமூர்த்தி பவன்!

என்ன கிழித்தாரா? பூண்டி ஐயா, பூண்டி! சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி!

1939-ல் மேயர் ஆனார். அப்போது அது கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிற ஒரு வருஷப் பதவி. நிர்வாகம் முழுக்க கமிஷனர் கையில். அந்த அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபையும் ராஜினாமா செய்துவிட்டது. நேரடி கவர்னர் ஆட்சி. போதாததற்கு உலக யுத்தம். பட்டணத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு. அந்த நிலைமையில் வெள்ளைக்கார அரசாங்கத்திடமே வாதாடி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அந்தப் பூண்டி நீர்த்தேக்கத்தைக் கட்ட வைத்தார். 1940-ல் அடிக்கல், 1944-ல் வேலை முடிந்தது. பார்க்க அவர் உயிரோடு இல்லை.

‘கட்டினது இன்ஜினீயர்கள், காசு சர்க்கார் காசு’ என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தார். நல்லது தம்பி. அப்படியே உங்கள் தலைவர் திறந்த பாலங்களின் கல்வெட்டிலும் கொத்தனார் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள்.

2019 கோடை ஞாபகம் இருக்கிறதா? ஏரியெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் தெருவுக்கு லாரி நடுராத்திரிக்கு மேல்தான் வரும். குடம் மாறிவிடக் கூடாதென்று அம்மா நெயில் பாலிஷால் இனிஷியல் எழுதி வைத்திருந்தாள். அந்தச் சண்டையில் நின்றவனுக்குத்தான் பூண்டி என்றால் என்னவென்று புரியும். ஏசி ஸ்டுடியோவில் பாட்டில் தண்ணீர் குடிப்பவருக்குப் புரியாது.

தேவதாசி ஒழிப்பை எதிர்த்தவராச்சே என்பீர்கள். ஆமாம், எதிர்த்தார். ஒழிப்புக்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பக்கம்தான் நியாயம். அதற்காகப் பூண்டித் தண்ணீரைக் கொட்டிவிட முடியுமா?

அந்த மனிதருக்குச் சொந்தக் கட்சி மட்டும் என்ன கொடுத்தது? ஊர் ஊராகத் தொண்டை கட்டப் பேசி ஓட்டு வாங்கித் தந்தார். 1937 ராஜாஜி மந்திரிசபையில் அவருக்கு இடமில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு கட்சிக்குப் போனாரா? 1940-ல், தான் வளர்த்த காமராஜர் தலைவராக, அவருக்குக் கீழே செயலாளராக உட்கார்ந்தார். இன்றைக்கு ஒரு வட்டச் செயலாளராவது அப்படி உட்காருவாரா? 1942-ல் கைது. அமராவதி சிறைக்குக் கொண்டுபோகிற வழியில் முதுகெலும்பில் அடி. 1943 மார்ச்சில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார். வயது 55. அவரைத்தான் ‘வெறும் பேச்சு’ என்கிறார்கள்.

‘ஜாதிப் பாசம்’ என்று கமெண்ட் போடக் காத்திருப்பவர்களே, நான் அவர் ஜாதியும் இல்லை, அந்தக் கட்சிக்கு ஒருநாளும் ஓட்டுப் போட்டதும் இல்லை. ஆதாரத்தோடு வந்தால் பேசலாம். மீமோடு வந்தால் பிளாக்.