ஹாக்ஸ்பரி விபத்து: விமானி சாகசம் காட்டவில்லை

‘விமானி தாழப் பறந்து சாகசம் காட்டி ஆறு பேரையும் கொன்றுவிட்டார்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, இறந்துபோன ஒருவர் மேல் சுமத்தும் அநியாயமான பழியும்கூட.

2017 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு வடக்கே, ஹாக்ஸ்பரி ஆற்றையொட்டிய ஜெருசலேம் பே என்ற குறுகிய நீர்ப்பகுதியில் அந்த பீவர் ரக மிதவை விமானம் (நீரில் இறங்கி ஏறுவது) விழுந்தது. இருபுறமும் மலை. விமானம் அந்த மலைகளைவிடத் தாழ்வாகப் பறந்ததும், செங்குத்தாகச் சாய்ந்து திரும்பும்போது இறக்கைகள் தூக்குவிசையை இழந்ததும் உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட இறுதி அறிக்கை இதோடு நிற்கவில்லை. விமானியின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஏறியிருந்தது. பயணிகள் இருவரின் ரத்தத்திலும்தான்.

எஞ்சினின் புகைபோக்கியில் விரிசல். எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில் மூன்று போல்ட்டுகளைக் காணோம். விரிசலில் கசிந்த வாயு அந்தத் துளைகள் வழியாக உள்ளே வந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பயணிகள் ஏறுவதற்கு முன்பே விமானி 27 நிமிடம் எஞ்சினை ஓட்டியபடி நீரில் நகர்ந்திருந்தார். நிதானமும் பார்வையும் மங்குவது அவருக்கே தெரிந்திருக்காது.

சரி, தாழப் பறப்பது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே முதலில் கேட்க வேண்டியது அந்த மூன்று போல்ட்டுகளைப் பற்றி. தயவுசெய்து அந்தக் கருத்தைத் திருத்திவிடுங்கள்.