அது வாயுப் பிடிப்பு இல்லை

"வாயு பிடிச்சிருக்கும், ஒரு சோடா குடி." திருத்துறைப்பூண்டியில் இருந்து மாயவரம் வரைக்கும் நெஞ்சு வலிக்கு முதலில் கிடைக்கும் வைத்தியம் இதுதான். ஒல்லியாக, உயரமாக இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு ஒரு பக்க நெஞ்சில் திடீரென்று குத்தி, மூச்சை இழுக்க இழுக்க வலி கூடுகிறதா? தயவுசெய்து சோடாவை வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். காற்று வயிற்றில் இல்லாமல், நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே கசிந்து நிற்கலாம். அதற்குப் பெயர் நியூமோதோராக்ஸ்.

காரணம் கேட்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். "சிகரெட் உண்டா?" "இல்லை." கேஸ் ஷீட்டில் 'பழக்கம் இல்லை' என்று ஏறிவிடும். கஞ்சாவை யாரும் சிகரெட் கணக்கில் சேர்ப்பதில்லை. அம்மா பக்கத்தில் நிற்கையில் சொல்லவும் வாய் வராது. வீட்டாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கஞ்சா உண்டா, போதை ஊசி உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். திட்டாமல் கேட்க வேண்டும்.

கஞ்சாப் புகையைச் சிகரெட்டை விட ஆழமாக இழுத்து, ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் உள்ளே அடக்குகிறார்கள். நுரையீரல் உச்சியில் மெல்லிய கொப்புளங்கள் இருந்தால் அந்த அழுத்தத்தில் ஒன்று உடையலாம். புகையிலை கலந்து சுற்றினால் இரண்டு கேடும் சேரும். (காசநோயும் இதே வேலையைச் செய்யும், சளிப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.)

போதைக்காக வலி மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றுவது இன்னொரு காரணம். மாத்திரையில் இருக்கும் டால்க்கும் செல்லுலோஸும் கரையாது. இரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, நாளடைவில் திசுவைக் கெடுக்கும். அழுக்கு ஊசியால் இதய வால்வில் கிருமி பிடித்து, அங்கிருந்து சீழ்த் துணுக்குகள் நுரையீரலுக்குப் போய்ப் புண்ணாகி உடைந்தாலும் காற்று கசியும். கழுத்து இரத்தக் குழாயில் குத்தப் போனால் ஊசியே நுரையீரலைத் துளைத்துவிடும்.

ஈ.சி.ஜி. நார்மல் என்று வீட்டுக்கு அனுப்புவது அடுத்த தவறு. எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுங்கள். படுத்த நிலையில் சின்னக் கசிவு தப்பிவிடும். உதடு நீலம் பாய்ந்து, நாடி ஓடி, பிரஷர் இறங்கினால் எக்ஸ்ரேக்கும் காத்திருக்க நேரமில்லை. கசிந்த காற்று இதயத்தை அழுத்துகிறது, மருத்துவர் உடனே ஊசியால் அதை வெளியேற்ற வேண்டும். அதுவரை உட்கார்ந்த நிலையில் வைத்து 108ஐ அழையுங்கள்.

காற்றை வெளியேற்ற நெஞ்சில் டியூப் போட்ட பிறகு, எல்லாம் அதன் மறுமுனை இறங்கும் தண்ணீர்ப் பாட்டிலில் இருக்கிறது. குழாய் நுனி தண்ணீருக்குள் சுமார் 2 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே. ஸ்கேனுக்குத் தள்ளிப் போகும்போது கட்டிலில் தூக்கி வைப்பதும், குமிழி வந்துகொண்டிருக்கும்போதே குழாயைக் கிளிப் போட்டு அடைப்பதும் ஆளைக் கொல்லும். மூச்சுக்குத் தக்கபடி குழாய்த் தண்ணீர் ஏறி இறங்கும். சட்டென்று நின்றால், குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ டிக்கெட் போட்டு வைத்திருக்கும் பையன்கள் நம் பக்கம் நிறைய. நுரையீரல் முழுதாக விரிந்தது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகு குறைந்தது 7 நாள் கழித்தே விமானம் ஏறலாம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது திரும்ப வரும், புகையைத் தொடர்ந்தால் இன்னும் கூடும். பழக்கத்தைக் கைவிட உதவி வேண்டுமென்றால் 14446 என்ற எண்ணை அழையுங்கள். போலீசுக்குப் பயந்து பேசாமல் இருப்பவர்களுக்கு: 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கியவர்கூடத் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் பாதுகாப்பு தருகிறது.