கொழுவுறதெண்டா உண்மையா கொழுவுங்கோடா

போன கிழமை பெறாமகன் ஒரு யூரியூப் லிங்க் அனுப்பினவன். "சித்தப்பா, ரெண்டு பெடியள் படத்துக்கு றிவியூ சொல்லிச் சொல்லியே அடிபடுறாங்கள், சரியான பகிடி, பாருங்கோ" எண்டு. பாத்தன். நாலு நிமிசத்தில நிப்பாட்டிப் போட்டன். ஒருத்தன் திட்டத் தொடங்க முதலே மற்றவன் கோவப்படுற முகத்தை ரெடியா வச்சுக்கொண்டு இருக்கிறான், இடைக்கிட கண் கீழ போகுது, அங்க ஃபோனில வசனம் எழுதி வச்சிருக்கு போல. "ப்ரோ என்ன ப்ரோ இப்பிடிச் சொல்றீங்க" எண்டு கேக்கேக்க குரலில ஒரு சொட்டு எரிச்சல் இல்லை. (எங்கட பெடியள் கமராவைக் கண்ட உடன ஏன் சென்னைத் தமிழுக்குத் தாவுறாங்கள் எண்டது வேற கதை, அதுக்குத் தனியா ஒரு போஸ்ட் போடவேணும்.)

இந்த வகை ஷோவுக்கெல்லாம் அப்பன்மார் சிக்காகோவில இருந்த ரெண்டு சினிமா விமர்சகர்மார், ஜீன் சிஸ்கலும் ரோஜர் ஈபர்ட்டும். 1975இல ஒரு உள்ளூர் ரிவியில தொடங்கினவை. ஒருத்தர் சிக்காகோ ரிபியூன், மற்றவர் சன் ரைம்ஸ், ரெண்டும் ஒண்டுக்கொண்டு போட்டிப் பேப்பர். அதே 1975இலதான் ஈபர்ட்டுக்குப் புலிட்சர் பரிசு (அமெரிக்காவில பத்திரிகைக்காரருக்குக் குடுக்கிற பெரிய பரிசு) வேற கிடைச்சது, சினிமா விமர்சனத்துக்கு அதை வாங்கின முதல் ஆள் அவர், பிறகு பக்கத்துக் கதிரையில இருக்கிற மனுசனுக்கு எப்பிடி இருந்திருக்கும்? ஆற்ற பேர் முன்னுக்கு வாறதெண்டதையே காசு சுண்டித்தான் முடிவெடுத்தவையாம். படத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறது, கவிட்டுக் காட்டுறது எல்லாம் இவையளாலதான் பிரபலமானது. ஒரு விளம்பரம் எடுக்கேக்க ரெண்டு பேரும் ஆளையாள் கிழிக்கிற வெட்டுத்துண்டு யூரியூபில கிடக்கு, தேடிப் பாருங்கோ. அவர் இவற்ற வண்டியைச் சொல்ல, இவர் அவற்ற மண்டையைச் சொல்ல, அதில நடிப்பெண்டு ஒண்டுமே இல்லை.

நான் அதில பாக்கிறது திட்டுறவரை இல்லை, திட்டு வாங்கிறவரை. சிஸ்கல் கதைக்கேக்க ஈபர்ட்டின்ர முகத்தைப் பாருங்கோ, வாய் மூடித்தான் இருக்கும், ஆனா மனுசன் உள்ளுக்குள்ள மறுமொழியை அடுக்கிறது அப்பிடியே தெரியும். மற்றவர் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமக் கேட்டாத்தான் அப்பிடி எரியும். அந்தப் பெடியள் ஷோவில ஒருத்தன் சொல்லுறதை மற்றவன் கேக்கிறதே இல்லை, தன்ர முறை எப்ப வரும் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறான்.

உடன ஆராவது வந்து கவுண்டமணி செந்தில் மாதிரித்தானே எண்டுவியள். இல்லை. அங்க அடிக்கிறது எப்பவும் ஒருத்தர், வாங்கிறது எப்பவும் மற்றவர். றிவியூவுக்கு அது சரிவராது, ரெண்டு பக்கமும் கை ஓங்கவேணும். எங்கட பட்டிமண்டபமும் சரிவராது, நல்லூரடியில எத்தினை கேட்டிருப்பம், கைகேயி பக்கம் கதைக்கிறவர் அடுத்த வருசம் கோசலை பக்கம் கதைப்பார், பக்கத்தைப் பிரிச்சுக் குடுக்கிறதே அமைப்பாளர்தான். உந்தப் பெடியளும் அப்பிடித்தான் முதலே பிரிச்சு எடுத்துப்போட்டு வந்திருக்கிறாங்கள், நீ நல்லம் எண்டு சொல்லு, நான் கூடாதெண்டு சொல்லுறன் எண்டு.

அசல் சாமானை நான் சின்னனிலயே பாத்தனான். 90க்குப் பிறகு இஞ்ச யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலம், டெக்கும் ரிவியும் வாடைக்கு எடுத்து, ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஜெனறேற்றரை ஓட்டி, முத்தத்தில பாய் போட்டு முழு ஒழுங்கையும் கூடிப் படம் பாக்கும். பெரியப்பாவுக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் ஒரு படத்தில கூட ஒத்துப்போனதில்லை. ஒருநாள் கடைசிச் சண்டை தொடங்க மண்ணெண்ணெய் முடிஞ்சுபோச்சு. எல்லாரும் பாயைச் சுருட்ட, இவை ரெண்டு பேரும் அரிக்கன் லாம்பை நடுவில வச்சுக்கொண்டு, பாக்காத முடிவைப் பற்றி சாமம் வரைக்கும் கொழுவல். கதாநாயகன் சாகோணும், இல்லாட்டி அது படமே இல்லை எண்டு மாமா. சாகக்கூடாது, அந்தத் தாய்க்கு வேற ஆரடா இருக்கு எண்டு பெரியப்பா. கடைசியில "உனக்குப் படம் பாக்கத் தெரியாது, நாளைக்கு என்ர வீட்டுப் படலை திறக்காத" எண்டு பெரியப்பா கத்தினார். விடிய ஆறு மணிக்கு மாமா படலையைத் திறந்துகொண்டு வந்து, வேப்பங்குச்சியை வாயில வச்சபடி, "அவன் செத்தாத்தானே அந்தத் தாய்க்கு ஒரு சீன் வரும்" எண்டு விட்ட இடத்தில இருந்து தொடங்கினார். ராவிரவா யோசிச்சிருக்கிறார் மனுசன்.

சிஸ்கல் 1999இல மூளைக் கட்டியால செத்துப்போனார், 53 வயசுதான். ஈபர்ட் வேற ஆக்களை வச்சு ஷோவை நடத்தினவர்தான், 2006இல ஒப்பரேசனுக்குப் பிறகு குரலே போய், அதுக்குப் பிறகும் 2013இல சாகும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு வந்த ஆளோட கதைச்சதையும் பாத்தனான், ஒரு குறையும் இல்லை, ரெண்டு பேரும் நல்ல மரியாதை. அதுதான் பிரச்சினை.

மாமா இப்ப ரொரன்ரோவில. புதுப் படம் வந்தா அங்க பாத்துப்போட்டு வட்சப்பில ஏழு நிமிசம் எட்டு நிமிசம் வொய்ஸ் அனுப்புவார். பெரியப்பாவுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம், ஃபோனைக் காதோட ஒட்டி வச்சு முழுக்கக் கேப்பார், நடுவில "விசரன்" எண்டு ஃபோனுக்கே சொல்லுவார். பிறகு என்னட்டத் தருவார், மைக்கை அமத்திப் பிடிக்கச் சொல்லி. நேற்றும் அப்பிடித்தான், அவர் கத்தின கத்தில என்ர விரல் வழுக்கிப்போச்சு, "டேய் மச்சான், உனக்கு இண்டைக்கும் படம் பாக்கத் தெரி" எண்டதோட வொய்ஸ் போயிட்டுது. ரெண்டாந்தரம் எடுப்பம் எண்டு கேட்டன். வேண்டாம், அவனுக்கு மிச்சம் தெரியும் எண்டார்.