எடைமேடையில் காணாமல் போன பூஜ்யம்

ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்கு எடைமேடை சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சீசனில் அங்கே ராத்திரி முழுக்க லாரி வந்துகொண்டே இருக்கும். போன சீசனில் ஒருநாள் விடிகாலையில் ஓனர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, பன்னெண்டு டன்னுக்கு மேல நிக்கிற வண்டிக்கு 1,245 கிலோன்னு பில் விழுந்திருக்கு. விவசாயிக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

என்னிடமும் பதில் இல்லை. புரோகிராம் முழுக்க, நடப்பதைத் திரையில் மட்டும் காட்டும் வெறும் பிரின்ட் வரிகளைத்தான் போட்டிருந்தேன். ராத்திரி டூட்டியில் இருந்தவர் கறுப்பு விண்டோவை மூடியதும் அத்தனை தடயமும் போய்விட்டது.

அந்த வாரமே எல்லாவற்றையும் பைதான் மொழியின் லாகிங் லைப்ரரிக்கு, அதாவது நடப்பதை நேரத்தோடு ஃபைலில் பதிவு செய்யும் வசதிக்கு, மாற்றினேன். பத்தாவது நாள் மறுபடி அதே தப்பு நடந்தது. இந்த முறை ஃபைலைத் திறந்தால் 2 மணி 17 நிமிடத்தில் ஒரு வரி: வந்தது 01245. அடுத்த வரியிலிருந்து ஒன்பது விநாடிக்கு 'இண்டிகேட்டரிலிருந்து தகவல் இல்லை' என்ற எச்சரிக்கை. விஷயம் புரிந்துவிட்டது. எடையைக் காட்டி அதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டிதான் இண்டிகேட்டர். அது ஆறு இலக்கம் அனுப்ப வேண்டும். 012450 என்று வந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய், கடைசி பூஜ்யம் வராமல் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடியதால், காத்திருக்கும் நேரம் முடிந்ததும் வந்த வரைக்கும் எடுத்துக்கொண்டு அதையே எடை என்று காட்டியிருக்கிறது. வரியின் முடிவுக் குறி வந்ததா என்று பார்க்காதது என் தவறு. திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"லாகிங் எல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்" என்று நம் ஊரில் கடைகளுக்கு எழுதிக் கொடுக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பெரிய கம்பெனியில் இருபத்து நான்கு மணி நேரமும் சர்வரைப் பார்க்க ஆள் உண்டு. நமக்கு யார் இருக்கிறார்கள்? ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கும் இதே சாஃப்ட்வேர்தான். ஒவ்வொரு புகாருக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக முடியுமா? இப்போது போனிலேயே, "செட்டிங் ஃபைலில் எடைமேடை என்ற இடத்தில் இன்ஃபோவை டீபக் என்று மாற்றிவிட்டு மூடித் திறங்கள்" என்கிறேன். இன்ஃபோ என்றால் பொதுவான தகவல், டீபக் என்றால் நுணுக்கமான விவரம். அந்த ஒரு பகுதி மட்டும் விலாவாரியாக எழுத ஆரம்பிக்கும், பில்லிங் வழக்கம்போல் அமைதியாக இருக்கும். கோடில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். ஒரே செய்தி ஃபைலுக்கு முழுசாகவும், திரைக்குப் பிழை மட்டுமாகவும் போகும். இந்த வளைந்துகொடுக்கும் தன்மைக்காகத்தான் நான் இவ்வளவு வாதாடுகிறேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பைதானில் நாமாக எதுவும் சொல்லாவிட்டால் வார்னிங்கும் (எச்சரிக்கை) அதைவிடத் தீவிரமான செய்திகளும் மட்டும்தான் தெரியும், அதற்குக் கீழ் லெவலில் இருக்கும் இன்ஃபோவும் டீபக்கும் தெரியாது. இன்ஃபோ எழுதிப் பார்த்து, ஒன்றும் வரவில்லையே என்று மறுபடி பிரின்ட்டுக்கே போய்விடுகிறார்கள். போகாதீர்கள், லெவலை இறக்கி வையுங்கள். அப்புறம் ஃபைலுக்கு ஒரு வரம்பு. நான் ஒரு ஃபைலுக்கு 5 எம்பி, அது நிறைந்ததும் ஒதுக்கி வைக்கும் பழையது 10 ஃபைல் என்று வைத்திருக்கிறேன். எத்தனை வருஷம் ஓடினாலும் 55 எம்பியைத் தாண்டாது.

வளைந்துகொடுப்பதற்கும் எல்லை வேண்டும். 2021 டிசம்பரில் ஜாவா மொழிக்கான லாகிங் லைப்ரரியான லாக்ஃபோர்ஜேயில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டைக்கு ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. பதிவு செய்ய வந்த எழுத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தால், அதை வெறும் எழுத்தாகப் பார்க்காமல் வெளி சர்வரில் போய்த் தேடி, அங்கிருந்து வரும் கோடையும் ஓட்டிவிடும் நிலை இருந்தது. எங்கே எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் வளையட்டும். எழுத வந்த செய்திக்கு அது அர்த்தம் தேடப் போகக் கூடாது.

லாக் வரிகளை நான் தமிழிலேயே எழுதுகிறேன். விண்டோஸில் ஃபைலுக்கு யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் சேமிக்கும் முறை) என்று குறிப்பிட மறந்தால் அந்த வரி ஃபைலில் ஏறாமலே போகலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் எடையில் சந்தேகம் என்றால் ஓனர் அண்ணன் எனக்குப் போன் செய்வதில்லை. ஃபைலை அவரே திறந்து, லாரி ஏறிய நேரத்தைத் தேடி, அந்த வரியை விவசாயியிடம் காட்டுகிறார்.